நாச்சிமுத்து மாமாவும் ஆடும் பலகையும்

நவம்பர் 9, ஞாயிறு

மருந்துக் கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. ஜனவரி முதல் அக்டோபர் வரை வெள்ளையாகக் கிடக்கிறது. அந்தப் பத்து மாதமும் நான் உயிரோடு இருந்ததற்கு எழுத்துச் சான்று எதுவும் இல்லை. இன்று எழுதக் காரணம், வீட்டில் ஒரு விபத்து. பெரிதாக எதுவும் இல்லை. மாமா பேன்ட் போட்டார்.

என் மாமனார் நாச்சிமுத்துவுக்கு எழுபத்தெட்டு. உட்கார்ந்து பேன்ட் போடுகிறவன் பாதி கிழவன் என்பது அவர் கொள்கை. ஒற்றைக் காலில் நின்று மறு காலை நுழைத்தவர், அப்படியே பீரோ மேல் போய்ச் சாய்ந்தார். பீரோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கையில் தோல் உரிந்துவிட்டது.

"என்னாச்சுங்க மாமா?"

"பீரோ நகுந்துருச்சு அம்மிணி."

என் கல்யாணச் சீரில் வந்த பீரோ. முப்பது வருஷமாக ஒரு அங்குலம் நகர்ந்ததில்லை.

மாலையில் பெங்களூரிலிருந்து அண்ணி வீடியோவில் வந்தார். என் கணவரின் அக்கா, அம்சவேணி. பிளாஸ்திரி ஒட்டிய முழங்கையை மாமா கேமராவுக்கு வெளியே வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் வலது கையால் செய்ய வேண்டிய காரியமான மூக்கைச் சொறிவதை இடது கையால் செய்து மாட்டிக்கொண்டார்.

நவம்பர் 10, திங்கள்

அண்ணி காலை ஏழு மணிக்கே அழைத்துவிட்டார்.

"பூங்கொடி, தம்பி போயி நாலு வருசமாகப்போகுது. உனக்கு எதுக்குச் சாமி இந்தச் சுமை? அப்பாவ நான் கூட்டிக்கறேன். இங்க லிப்ட் இருக்குது, பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருக்குது."

"அவர் வருவாருங்களா அண்ணி?"

"வராம? கீழ உளுந்து இடுப்பு ஒடஞ்சா என்ன பண்ணுவ, நீ தூக்குவியா?"

என் பெயர் பூங்கொடி. எடை எழுபத்தாறு கிலோ. பெயர் வைத்தவர்கள் இப்போது வந்து பார்க்க வேண்டும். தூக்குவேன் என்றுதான் நினைக்கிறேன்.

கடைசியில் ஒரு ஒப்பந்தம். அண்ணி பொங்கலுக்கு வருவார். அன்றைக்கு அப்பா ஒற்றைக் காலில் பத்து வினாடி நின்று காட்ட வேண்டும். நின்றால் கோயம்புத்தூர், நிற்காவிட்டால் பெங்களூர். அண்ணியின் டாக்டர் சொன்ன கணக்காம் பத்து வினாடி.

எனக்கு ஒன்றுமில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. இந்தச் சிங்காநல்லூர் வீட்டில் மாமாவும் நானும்தான். அவர் போனால் காலையில் ஒரு டம்ளர் காபி மிச்சம், அவ்வளவுதான். தொலைபேசி அலுவலகத்தில் விருப்ப ஓய்வு வாங்கியவளுக்கு நிம்மதியும் சேர்ந்து கிடைத்தால் கசக்குமா?

ஆனாலும் மதியமே பிசியோதெரபி மையத்தைத் தேடிப்பிடித்தேன். பொழுது போக வேண்டுமே.

நவம்பர் 12, புதன்

மையத்தை நடத்துவது நிலோஃபர் என்ற பெண். முப்பது வயதிருக்கும், குரலில் தேனும் கையில் இரும்பும். மாமாவிடம் ஒரு பக்கத்துக்குக் கேள்வி கேட்டாள். இருதயத்தில் கருவி உண்டா, சமீபத்தில் எலும்பு முறிந்ததா, காலில் ரத்தம் கட்டியதா. எல்லாவற்றுக்கும் 'இல்லை'. ஒற்றைக் காலில் மூன்று வினாடி நின்றார்.

பிறகு அந்த இயந்திரத்தைக் காட்டினாள். எடை பார்க்கும் மெஷினுக்குக் கொழுப்பு ஏறினது போல ஒரு கறுப்புப் பலகை, முன்னால் பிடித்துக்கொள்ளக் கம்பி. முழங்காலை லேசாக மடக்கி நிற்க வேண்டும். ஸ்விட்சைப் போட்டால் பலகை அதிரும். உடம்பு விழாமல் இருக்கத் தசைகள் தாமாகவே இறுகித் தளர்ந்து பழகுமாம்.

மாமா அதைச் சுற்றி வந்து பார்த்தார். அவர் பீளமேட்டில் ஒரு பம்புசெட்டு கம்பெனியில் வேலை பார்த்தவர். மோட்டாரின் சுழலும் பாகம் ஆடாமல் ஓடும்படி சமன் செய்வது அவர் பிரிவு. எந்தப் பக்கம் கனமோ அந்தப் பக்கம் துளி சுரண்டி எடுப்பாராம்.

"ஏனுங்க டாக்டரு, முப்பத்திரண்டு வருசம் ஆட்டத்த நிறுத்தித்தான் நான் சோறு தின்னேன். இப்பக் காசு குடுத்து ஆடோணுமா?"

"மெஷின் ஆடுனா உங்க காலு ஆடாதுங்க தாத்தா. ஆனா இது மட்டும் மாயம் பண்ணாது. நான் சொல்ற மாதிரி வீட்டுலயும் நின்னு பழகோணும். சமையல் மேடையப் புடிச்சுக்கிட்டு."

ஏறினார். அரை நிமிடம். "எப்படிங்க மாமா இருக்குது?" என்றேன்.

"ந-ந-ந-நம்ம ப-பழைய அ-அ-அஞ்சாம் நம்பர் ப-பஸ்ஸு."

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மெஷினில் இருந்த ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர் திரும்பிப் பார்த்தார். அவர் செண்ட் போட்டுக்கொண்டு அதிர வருகிறவர். யாருக்காக என்று விசாரிக்க வேண்டும்.

நிலோஃபர் என்னையும் சும்மா ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். இரண்டு வினாடி. செருப்பு சரியில்லை என்றேன். வெறுங்காலில்தான் நின்றேன்.

நவம்பர் 21, வெள்ளி

திங்கள், புதன், வெள்ளி மையம். தினமும் காலையில் தோசைக் கல் காயும் நேரத்தில் வீட்டுப் பயிற்சி. மாமா மேடையைத் தொட்டும் தொடாமலும் நிற்பார், நான் கரண்டியோடு எண்ணுவேன். இன்று ஆறு. ஆறாவது வினாடியில் தோசை கருகியது. கருகினதை நான் சாப்பிட்டேன், கொண்டாட்டமாக.

செண்ட், சர்க்கரை நோய்க்காக வரும் ஒரு தலைமையாசிரியை அம்மாவுக்காம். அந்த அம்மாவுக்கோ மூக்கடைப்பு. பாவம் மேனேஜர்.

வாசல் படியில் இன்று கல் ஒன்று தானாக வந்து என் காலில் மோதியது. கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது.

நவம்பர் 24, திங்கள்

பழைய அலுவலகத் தோழி ரெஜினா போன் செய்தாள். இரண்டு மணி நேரம். அவளிடம் கொஞ்சம் கெத்தாகப் பேசாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

"பொங்கலோட பெருச பெங்களூருக்குப் பார்சல் கட்டிட்டா எனக்கு விடுதலைடி. காசிக்குப் போவேன், கொடைக்கானலுக்குப் போவேன், மத்தியானம் பூராத் தூங்குவேன். யாருக்குக் காபி போடோணும், யாருக்கு மாத்திர எடுத்து வெக்கோணும்? ராணி மாதிரி!"

ரெஜினா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். நன்றாகத்தான் பேசினேன் என்று எனக்கே தோன்றியது.

மாமா அப்போது கொல்லையில் கொய்யா பறித்துக்கொண்டிருந்தார். கேட்டிருக்காது. இரண்டு தடவை கத்தினால்தான் திரும்புவார். கம்பெனி இரைச்சலில் காது போய்விட்டது.

பழுத்த கொய்யாவாகப் பார்த்து எனக்கு எடுத்து வைத்திருந்தார். அவருக்கு இரவு சாப்பாடு வேண்டாமாம்.

நவம்பர் 26, புதன்

மையத்தில் ஒரு வேடிக்கை. மாமா நாற்காலியில் முறைக்குக் காத்திருந்தார். ஒரு பக்கம் டிவி, ஒரு பக்கம் மேனேஜர் மெஷினில் நின்று அதிர்ந்தபடி பாட்டு. திடீரென்று மாமா நிலோஃபரைக் கூப்பிட்டார்.

"அந்தக் கோடி மெசின்ல பின்னால எடது காலு ரப்பரு தேஞ்சிருக்குதுங்க. ஆளு நிக்கறப்ப டொக்கு டொக்குனு ஒரு சத்தம் வருது."

எனக்கு டிவியைத் தவிர எதுவும் கேட்கவில்லை. மெக்கானிக் வந்து கவிழ்த்துப் பார்த்தால், பின்னால், இடது கால், ரப்பர். நிலோஃபர் வாயைப் பிளந்தாள். எனக்கும் பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உரக்கக் கத்திப் பாராட்டினேன், அவருக்குக் கேட்க வேண்டுமே.

டிசம்பர் 1, திங்கள்

வீட்டில் இன்று நான்கு வினாடி. ஆறிலிருந்து நான்கு. மழைக்காலம், மூட்டு இறுகும் என்று நானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். தோசை ஒழுங்காக வந்தது.

டிசம்பர் 9, செவ்வாய்

மாமாவுக்கு என்ன வந்ததோ, ஃபியூஸ் பெட்டியைத் திறந்துவைத்து ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டுகிறார். 'அடுப்படி', 'போர் மோட்டார்', 'அம்மிணி ரூம் ஃபேன்'. எழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

பிறகு கிரைண்டரைப் பிரித்து மாட்டினார். ஓடவிட்டு, அதன் மூடிமேல் தன் பழைய தடித்த அஞ்சு ரூபாய் நாணயத்தைச் செங்குத்தாக நிறுத்தினார். நாணயம் சாமி கும்பிடுகிறாற்போல அசையாமல் நின்றது. இது அவருடைய கம்பெனிச் சோதனை.

"இனி ஒரு வருசத்துக்கு உனக்குத் தொந்தரவு குடுக்காது, அம்மிணி."

"வருசத்துக்கு ஒருக்கா நீங்களே கழட்டுவீங்களே, எனக்கென்ன?"

அவர் நாணயத்தை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். கேட்கவில்லை போல.

டிசம்பர் 19, வெள்ளி

தண்ணீர்த் தொட்டி வால்வை எப்படித் திருப்புவது என்று கூப்பிட்டு வைத்துப் பாடம் நடத்தினார். கேஸ் புத்தகம் எங்கே, கொய்யாவுக்கு எப்போது உரம், அவர் மகனின் ஸ்கூட்டரை யாரிடம் கொடுத்தால் ஏமாற்ற மாட்டான், எல்லாம் சொன்னார். அந்த ஸ்கூட்டர் நான்கு வருஷமாக உறை போட்டு நிற்கிறது. அதைக் கொடுக்கலாம் என்று அவர் வாயிலிருந்து வந்தது இதுதான் முதல் தடவை.

வயதானால் இப்படித்தான், நச்சு நச்சென்று. "செரிங்க மாமா, செரிங்க மாமா" என்று தலையாட்டிவிட்டு சீரியல் பார்க்கப் போய்விட்டேன்.

வீட்டுப் பயிற்சி: மூன்றரை.

டிசம்பர் 29, திங்கள்

எழுதுவதா வேண்டாமா என்று யோசித்து, சுண்டலுக்குக் கடலை ஊறப்போட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

பில் கட்ட மேசைக்குப் போனபோது நிலோஃபர் சிரித்த முகமாக மாமாவின் அட்டையை நீட்டினாள். "தாத்தா கலக்கறாருங்க ஆண்ட்டி."

டிசம்பர் 3: ஒன்பது வினாடி. டிசம்பர் 12: பதின்மூன்று. இன்று: பதினேழு.

"வேற யாரோட அட்டையோ இது?"

"ஐயோ இல்லைங்க. நானே எண்ணுனேன். நீங்க வெளிய போன் பேசிட்டு இருப்பீங்கள்ல, அப்ப."

வீட்டுக்கு வந்து, "எங்கே, நின்னு காட்டுங்க மாமா" என்றேன். நின்றார். என் முகத்தைப் பார்த்தார். நான்கு வினாடியில் பாதத்தை மெல்லக் கீழே வைத்தார். விழப்போகிறவர் வைப்பது போல இல்லை. தூங்கும் குழந்தையைக் கட்டிலில் வைப்பது போல.

கொய்யா. ரெஜினா. பார்சல். தேய்ந்த ரப்பரின் சத்தம் பத்தடி தூரத்தில் கேட்ட காது.

கடலை நன்றாக ஊறியிருக்கிறது.

ஜனவரி 4, ஞாயிறு

டைரியின் பக்கங்கள் தீர்ந்துவிட்டன. முன்னால் ஜனவரிப் பக்கங்கள் சும்மாதானே கிடக்கின்றன, கிழமையை மட்டும் அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

இன்று என் கணவருக்குத் திதி. மாமாவும் நானும் இலை போட்டுப் படைத்தோம். அவருக்குப் பிடித்த உளுந்து வடையை மாமாவே தட்டினார், ஓட்டை நடுவில் வராமல் ஓரத்தில் வந்தது. கேலி பண்ண வாயைத் திறந்தேன். பண்ணவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். காபியைக் கையில் கொடுத்து, முன்னால் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"மாமா."

"சொல்லு கண்ணு."

"நீங்க பெங்களூருக்குப் போயிட்டா…"

"ம்."

"…அங்க காபி தண்ணியாட்டம் இருக்கும், பாத்துக்கோங்க."

எழுந்து வந்துவிட்டேன். ஐம்பத்து நான்கு வயதில் ஒரு வாக்கியத்தை ஒழுங்காக முடிக்கத் தெரியவில்லை. டெலிபோன் இலாகாவில் இருபத்தாறு வருஷம் பேசியே சம்பாதித்தவள் நான்.

மாலையில் மாமா அட்டத்துப் பரணிலிருந்து பயணப் பெட்டியை இறக்கித் துடைத்தார். ஸ்டூல்மேல் ஏறி. ஆடாமல்.

ஜனவரி 16, வெள்ளி

அண்ணி நேற்றே வந்துவிட்டார். பொங்கல், கரும்பு, வந்துபோன ஒறம்பரை சனம் எல்லாம் ஒரு சுற்று முடிந்து, இன்று மாட்டுப் பொங்கல் சாப்பாட்டுக்கு முன்னால் ஹாலில் பரீட்சை. அண்ணி செல்போனில் கடிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார். மாமா துவைத்த வேட்டியை மடித்துக் கட்டி நடுவில் நின்றார். பெட்டி மூலையில் தயாராக இருந்தது.

"ரெடிங்களா அப்பா? ம்… ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு…"

பாதம் இறங்கியது. தூங்கும் குழந்தை.

அண்ணி செல்போனைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். ஜெயித்த முகம் இல்லை, கண் கலங்கியிருந்தது. "பரவால்லீங்கப்பா. அங்க நான் பாத்துக்கறேன்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ ஆவேசம். "இருங்க அண்ணி, மாமா சரியா நிக்கல. இப்படி நிக்கோணும்" என்று நடுவில் போய்ப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒற்றைக் காலைத் தூக்கினேன்.

ஒண்ணு. ரெண்டு.

கால் வழுக்கியது. வழுக்கியது என்றுதான் எழுதுவேன், யார் கேட்டாலும்.

எழுபத்தாறு கிலோ அப்படியே டீப்பாய்ப் பக்கம் சாய்ந்தது. தரையைத் தொடும் முன் என் இரண்டு தோளையும் இரண்டு கை பிடித்தது. மாமா. கால் அகட்டி, முழங்கால் லேசாக மடக்கி, பலகைமேல் நிற்கும் அதே நிலையில், தூண் போல. அண்ணி அலறிக்கொண்டு எழுந்து, பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டார்.

மாமா என் காதருகில் மெல்லக் கேட்டார். "காசிக்குப் போறவ இப்படி நின்னா, படித்துறையில என்னாகறது?"

"கேட்டுருச்சுங்களா?"

"என்னயச் செவிடன்னு யாரு சொன்னது?"

"ரெண்டு தடவ கூப்புட்டாத்தானே திரும்புவீங்க!"

"மொதத் தடவ கூப்புட்டா ஏதாச்சும் வேல சொல்லுவ."

சிரிப்பு வரவில்லை. "அது அவகிட்டச் சும்மா சொன்னதுங்க மாமா. ரெஜினாகிட்ட நான் என்னிக்கு உண்மை பேசியிருக்கறேன்? நீங்களும் போயிட்டா இந்த வீட்டுல நான்…"

இந்த வாக்கியமும் முடியவில்லை. ஆனால் எது ஆடினாலும் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிற ஆள் அவர்.

என்னைச் சோபாவில் உட்காரவைத்தார். வேட்டியை இன்னும் ஒரு மடிப்பு மடித்துக் கட்டினார்.

"அம்சா, இன்னொருக்கா எண்ணு."

அண்ணி எண்ணினார். ஐந்தில் குரல் உயர்ந்தது. பத்தில் நின்றது. மாமாவின் கால் இறங்கவில்லை. அண்ணி மறுபடி பதினொன்று, பன்னிரண்டு என்று ஆரம்பித்தார். பத்தொன்பதில், "போதுமுங்கப்பா, எறக்குங்க, எனக்குப் பயமா இருக்குது" என்று கெஞ்சினார். இருபத்தொன்றில் மாமா காலை இறக்கினார்.

"அப்ப மொதல்ல எதுக்கு நாலுல எறக்குனீங்க?" என்று அண்ணி கேட்டார்.

"பீரோ நகுந்துருச்சு" என்றார் மாமா.

அண்ணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்தப் பெட்டியைத் தூக்கப் போனார், உள்ளே கொண்டுபோய் வைக்க. சும்மா தூக்கிவிட்டார், அவ்வளவு லேசு. திறந்தால் இரண்டு வேட்டி, ஒரு சட்டை, என் கணவரின் போட்டோ.

சாப்பாட்டில் நான் இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிட்டேன். அண்ணி என் தட்டைப் பார்த்து, "இவளுக்கு யாரு பத்து செகண்டு வெக்கறது?" என்றார்.

ஜனவரி 19, திங்கள்

அண்ணி ரயிலேறிவிட்டார். போகுமுன் மையத்துக்கு வந்து என் பெயரில் அட்டை போட்டுவிட்டுத்தான் போனார். பூங்கொடி, வயது 54, ஒற்றைக் கால்: இரண்டு வினாடி. கறுத்த கட்டைவிரல் நகத்தையும், அந்தக் கல்லையும், அதற்கு முன் வந்து மோதிய மற்ற கற்களையும் பற்றி நிலோஃபர் ஒரு பக்கத்துக்குக் கேள்வி கேட்டாள்.

மாமாவின் முறை முடிந்து, நான் ஏறினேன். கோடி மெஷின், புது ரப்பர். மாமா எதிர் நாற்காலியில் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்விட்ச் போட்டார்கள். என் கன்னம், காது, வளையல், இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாமல் என்னோடு இருந்த சதை எல்லாம் தனித்தனியாக ஆடின. மேனேஜர் கண்ணியமாகத் திரும்பிக்கொண்டார்.

"அப்பறம்? காசிக்கு எப்பப் போற அம்மிணி?" என்றார் மாமா.

"போ-போ-போ-போகலீங்க மா-மா-மா…"

"என்ன? கேக்கல."

வேண்டுமென்றேதான் கேட்டார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மெஷின் நின்றது. கம்பியை விட்டுவிட்டு இன்னொரு தடவை சொன்னேன், ஆடாமல்.